சேந்தன் தீட்டிய முனை

சேந்தன் ஆற்றங்கரைப் பட்டணத்தில் நாவிதனாக இருந்தவன். மீசை ஒதுக்கிக்கொள்வதற்காகவே அக்கரையிலிருந்து பரிசல் ஏறி அவனிடம் வருவார்கள். தேன் விற்க வந்த தத்தை என்ற மலைப்பெண்ணைக் கட்டிக்கொண்டு, நாற்பது வயதில், கத்திப் பெட்டியோடு மலையேறினான்.

அவள் ஊர் கூவைமேடு. சரிவு முழுக்கத் தினை. கதிர் பால்பிடிக்கும் காலத்தில் கடமான்கள் கூட்டமாக இறங்கும். அதனால் அங்கே கை கால் திடமாக உள்ள எல்லோரும் வில் பழகியாக வேண்டும். ஆண், பெண் என்ற வித்தியாசம் இல்லை. பழக்குகிறவள் கொற்றி.

கொற்றி, தத்தைக்குப் பெரியம்மா மகள். அந்த முறையில் சேந்தனுக்கு மதினி. வயதில் அவனைவிட இளையவள்தான், ஆனாலும் ஊருக்கே அவள்தான் ஆசான். அவள் கை ஒருபோதும் சும்மா இருக்காது. அவரை, புளி, கிழங்கு என்று எதையாவது உரித்துக்கொண்டேதான் பேசுவாள்.

சேந்தனுக்கு வில் சீக்கிரம் வசப்பட்டது. ஆயிரம் கழுத்துகளில் கத்தி வைத்த கை, நடுங்கப் பழகாத கை. மரக்கிளையில் சுரைக்காயைத் தொங்கவிட்டு, அது காற்றில் ஆடும்போதே அடித்தான்.

"இனிமே காட்டுக்குப் போகலாமா, மதினி?"

"அம்பு முனை?"

"செஞ்சுட்டா போச்சு."

கொற்றி ஒரு புளியங்கொட்டையை நோண்டி எடுத்து ஓரமாகப் போட்டாள். "செஞ்சு கொண்டு வாங்க, மாப்பிள்ளை. பாக்கறேன்."

கூவைமேட்டில் அது ஒரு கட்டுப்பாடு. முனையைப் பார்த்துக் கொற்றி சரி என்று சொன்னால்தான் ஒருவர் உயிர்மேல் அம்பு விடலாம். இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. அடிபட்ட விலங்கு தப்பி ஓடினால், அது கிடைக்கும்வரை ஊரில் ஒரு வீட்டிலும் அடுப்பு மூட்ட மாட்டார்கள்.

சேந்தன் மலையேறிய வருஷமே அப்படி ஒரு நாள் வந்தது. நாகன் என்பவர் விட்ட அம்பு சரியான இடத்தில்தான் தைத்தது. ஆனால் மான் அம்போடு ஓடிவிட்டது. ஊரே காட்டுக்குள் இறங்கித் தேடியது. மறுநாள் உச்சிவேளையில் ஓடைக்கரை மரமொன்றில் சாய்ந்து நின்றபடி கிடைத்தது. உயிர் இருந்தது. ஆட்கள் கிட்டே வந்ததும் ஓடப் பார்த்தது, கால் நகரவில்லை. கொற்றிதான் அதை முடித்து வைத்தாள். முனையை வெளியே எடுத்து, துடைத்து, நாகன் கையில் கொடுத்தாள்.

அவர் விளிம்பில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார். "மழுங்கல்," என்றார். வீட்டுக்குப் போய் வில்லைப் பரணில் ஏற்றிவிட்டார்.

அன்றைக்கு அடுப்பு மூட்டி, கூழ் காய்ச்சி, தத்தை முன்னால் கொண்டுவந்து வைத்தபோது சேந்தனுக்கு அது இறங்கவில்லை. இவ்வளவு பசியிலும் இறங்காதா என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஆகவே அவன் விளையாட்டாக வேலையைத் தொடங்கவில்லை.

ஊர் உலையில் இரும்பைக் காய்ச்சி, இலை மாதிரி தட்டி, இரண்டு பக்கமும் அலகு வைத்தான். பட்டணத்திலிருந்து கொண்டுவந்த சாணைக்கல்லில் தீட்டினான். கத்தி தீட்டும் தோல்வாரில் இழுத்து இழுத்து மெருகேற்றினான். கடைசியில் முன்கையில் வைத்து ஒரு இழுப்பு. சோப்பும் தண்ணீரும் இல்லாமல் முடி பொலபொலவென்று உதிர்ந்தது. அந்த இடம் குழந்தைத் தோல் மாதிரி ஆனது.

அதைக் கொற்றியிடம் கொண்டு போனான். அவள் வாசலில் உட்கார்ந்து அவரை உரித்துக்கொண்டிருந்தாள்.

"பட்டணத்துல இதைவிடக் கூரா ஒரு கத்தி கிடையாது, மதினி."

"இருக்கும்."

அவள் எழுந்து, வேலியோரம் கிடந்த பழைய விலா எலும்பு ஒன்றை எடுத்துவந்தாள். அலகை அதன்மேல் வைத்து, அழுத்தி, ஒரே இழுப்பாக இழுத்தாள். பிறகு வெயிலில் பிடித்துக் காட்டினாள். விளிம்பு ஒரு பக்கமாக மடங்கியிருந்தது. இரண்டு மூன்று இடத்தில் பல் விழுந்திருந்தது.

சேந்தன் எட்டிப் பார்த்தான். "கத்தியைக் கொண்டுபோய் யாராவது எலும்புல வைப்பாங்களா?"

"நீங்க வைக்க மாட்டீங்களா?"

"வெச்சா நான் நாவிதனே இல்ல."

"மான் உங்க முன்னால வந்து உக்காந்து, கன்னத்தைக் காட்டாது மாப்பிள்ளை." அவள் மறுபடியும் அவரையைக் கையில் எடுத்தாள். "தோலுக்கு அடியில விலா இருக்கு. உசிரு அதுக்கும் அந்தப் பக்கம் இருக்கு."

சேந்தன் முனையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

அடுத்த முனையைக் கனமாகச் செய்தான். நடுத்தண்டு தடித்து, அலகு கோடரி மாதிரி சரிந்து இறங்கியது. நன்றாகப் பதம் ஏற்றினான். தானே ஒரு விலா எலும்பைத் தேடிப் பிடித்து அதன்மேல் இழுத்தான். எலும்பில்தான் கோடு விழுந்தது. பலாப் பலகையில் எய்தான். பிடுங்கி எடுக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. நுனி வளையவில்லை. இந்தத் தடவை மதினி எந்த எலும்பில் வேண்டுமானாலும் இழுக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு போனான்.

கொற்றி ஓடையில் ஆட்டுக்குடல் அலசிக்கொண்டிருந்தாள். முனையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எலும்பைத் தேடவில்லை, முனையை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். மெல்லிய குடல் ஒன்றை எடுத்து, இரு கைகளாலும் அதன் இரு ஓரங்களைப் பிடித்து, நடுவில் தொய்வாகத் தொங்கவிட்டாள். ஈரத்தில் அது பளபளத்தது.

"அறுங்க."

சேந்தன் அலகை வைத்து இழுத்தான். குடல் வழுக்கி ஒதுங்கியது. இன்னொரு தடவை இழுத்தான். அலகோடு கூடவே வந்தது, நுனிவரை வந்து நழுவிக் கீழே தொங்கியது. ஒரு கீறல் இல்லை.

"கொஞ்சம் இழுத்துப் பிடிங்க, மதினி. அறுபடும்."

அவள் விறைப்பாக இழுத்துப் பிடித்தாள். அலகு பட்டதும் பட்டென்று அறுந்தது.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்." அவள் அறுந்த துண்டை ஓடையில் விட்டாள். "மானுக்குள்ள போய் யாரு மாப்பிள்ளை இழுத்துப் பிடிக்கப் போறாங்க?"

சேந்தன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். நாகனுடைய மான் அவன் கண்ணில் வந்தது. அம்பு சரியான இடத்தில் போயும், உள்ளே இருந்த ரத்த நரம்புகளெல்லாம் இப்படித்தான் வழிவிட்டு ஒதுங்கியிருக்கும் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

பிறகு வெகுநாள் அவன் கொற்றி பக்கமே போகவில்லை.

ஆடு அடிக்கிற வீட்டிலெல்லாம் போய்க் குடல் கேட்டான். குடலை நரம்பாக முறுக்கி யாழ் கட்டப் போகிறாரோ என்று ஊரில் பேச்சு எழுந்தது. இரண்டு முன்கைகளும் வழவழவென்று ஆகி, பிறகு கெண்டைக்காலும் வழவழவென்று ஆனது. "புருவத்தையாவது விட்டு வைங்க," என்றாள் தத்தை. "திருவிழாவுக்கு எங்க அம்மா நம்ம வீட்டுக்கு வருவாங்க."

முதல் முனையும் இரண்டாம் முனையும் ஒன்றுக்குள் ஒன்று வர வேண்டும் என்பது அவனுக்குப் புரிந்தது. நடுத்தண்டுப் பக்கம் கனமான சரிவு, விளிம்பை நெருங்கியதும் இன்னொரு மெல்லிய சரிவு. அப்படித் தீட்டிய முனை தொய்வான குடலை முதல் இழுப்பிலேயே அறுத்தது. துள்ளிக் குதித்தான். மறு இழுப்பில் வழுக்கியது. மறுபடி தீட்டினான், மறுபடி முதல் இழுப்பு அறுத்தது, அடுத்தது வழுக்கியது. ஏனென்று விளங்கவில்லை. ஒருநாள் சும்மா விளிம்பை விரல் நகத்தில் மெல்ல உரசினான். ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. மறுபக்கம் நகத்தில் எதுவோ தட்டியது. தீட்டும்போது ஒதுங்கிய இரும்பு, கண்ணுக்குத் தெரியாத பிசிராக விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. அதுதான் இத்தனை நாளும் கூர் மாதிரி நடித்திருக்கிறது.

பிசிரை எடுக்கக் கற்றுக்கொள்ள அவனுக்குத் தீட்டக் கற்றதைவிட அதிக நாள் பிடித்தது.

தினை அறுப்புத் திருவிழா நெருங்கிவிட்டது. அந்த வருஷம் விருந்துக்கு மான் கொண்டுவரும் முறை தத்தையின் வீட்டுக்கு. சேந்தன் முனையை மூங்கில் தண்டில் அரக்கு வைத்துப் பொருத்தி, நரம்பால் கட்டி, கொற்றியிடம் எடுத்துப் போனான்.

அவள் எலும்பில் இழுத்தாள், விளிம்பு மடங்கவில்லை. குடலைத் தொய்வாகத் தொங்கவிட்டாள், அறுந்தது. மறுபடி, அறுந்தது. நகத்தில் ஒரு பக்கம் உரசினாள், மறுபக்கமும் உரசினாள். நுனியைத் தன் கட்டைவிரல் நகத்தில் ஊன்றி, அம்பை மறு கையால் சுழற்றிவிட்டாள். பம்பரம் உறங்குகிற மாதிரி ஆடாமல் சுற்றியது.

"நல்லா இருக்கு," என்றாள்.

"போதுமா, மதினி?"

"எதுக்கு?"

"மானுக்கு."

"அதை நான் எப்படிச் சொல்றது?"

சேந்தனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்கதானே ஆசான்? ஒவ்வொரு தடவையும் புதுசா ஒண்ணு வெச்சு ஆகாதுன்னு சொன்னீங்க. இப்ப எல்லாத்துலயும் ஜெயிச்சுக் கொண்டு வந்தா, தெரியாதுங்கறீங்க. இவ்வளவு கூர் இருந்தா போதும்னு எப்படித்தான் தெரிஞ்சுக்கறது?"

கொற்றி அம்பை அவன் கையில் கொடுத்தாள்.

"எலும்பு சொன்னதைச் சொன்னேன். குடல் சொன்னதைச் சொன்னேன். அதுக்குமேல என்கிட்ட ஒண்ணும் இல்லை. காலையில வாங்க, போவோம்."

விடியும் நேரத்தில் இருவரும் கிளம்பினார்கள். மேற்குச் சரிவில் உப்புமண் இருக்கும் ஒரு பள்ளம் உண்டு. கடமான்கள் அதை நக்க வரும். ஓடையைத் தாண்டும்போது பாசியில் சேந்தனுக்குக் கால் வழுக்கியது. விழவில்லை. கையை ஊன்றிச் சமாளித்தான். அந்தக் கையில் அம்பு இருந்தது. முனை சரளை மணலில் சரக்கென்று ஒரு சின்னச் சத்தம் போட்டது.

முன்னால் போன கொற்றி திரும்பிப் பார்க்கவில்லை.

புதருக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு பெரிய ஆண் கடமான், மூங்கில் கூட்டத்துக்குள்ளிருந்து சாவகாசமாக வெளியே வந்தது. பள்ளத்தில் இறங்கி, பக்கவாட்டில் திரும்பி, முன்னங்காலை எட்டி வைத்து, குனிந்தது. நிறுத்தி வைத்தால்கூட அப்படி நிற்காது.

சேந்தன் நாணை இழுத்தான். காதுவரை இழுத்தான். அப்படியே நிறுத்தினான். பிறகு மெல்ல, மெல்ல, நாணைத் தளர்த்திக்கொண்டான்.

மான் உப்பு நக்கி முடித்து, நிமிர்ந்து, வந்த வழியே போயிற்று.

"ஏன் விடல?" கொற்றியின் குரலில் கோபம் இல்லை.

"ஓடையில முனை சரளையில பட்டுது, மதினி."

"மழுங்கிடுச்சா?"

"தெரியல."

"தெரியாமலா விடாம இருந்தீங்க?"

"தெரியாததாலதான் விடல."

கொற்றி எழுந்து சேலையில் ஒட்டிய புல்லைத் தட்டினாள். நாலடி நடந்தபின் சொன்னாள்: "இனிமே முனையை என்கிட்ட கொண்டு வர வேண்டாம்."

சேந்தன் பின்னாலேயே ஓடினான். "கோபமா, மதினி?"

"கோபம்னா பேசவே மாட்டேனே."

ஊருக்குள் நுழைந்ததும் எதிரில் வந்த நாகன் கேட்டார். "மான் எங்கப்பா?"

"மேஞ்சுக்கிட்டிருக்கு," என்றான் சேந்தன்.

வாசல்களில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நாகன் மட்டும் சிரிக்காமல் அவனை ஒரு நொடி பார்த்துவிட்டு, தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். வீட்டில் தத்தை பூசணிக்காய்க் குழம்பு வைத்திருந்தாள். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான்.

சாப்பிட்டதும் முனையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். விளிம்பில் ஒரே ஓர் இடத்தில், நகம் லேசாகத் தடுக்கியது. அந்த இடத்தை மட்டும் தீட்டினால் போதும். அவன் முழு அலகையும் முதலிலிருந்து தீட்டினான். தீட்டி முடித்து, பிசிர் எடுத்து, குடலில் சோதித்து, நகத்தில் உரசினான். பழக்கத்தில் கொற்றி வீட்டுப் பக்கம் நாலடி வைத்தான். நின்றான். திரும்பி வந்து, இன்னும் கொஞ்சம் தீட்டினான். கேட்பதற்கு ஆள் இல்லாதபோது வேலை நீண்டுகொண்டே போனது. ஆனால் அது அவனுக்குப் பாரமாகத் தெரியவில்லை. கல்லில் இரும்பு ஓடும் சத்தம் கேட்கக் கேட்க நன்றாகத்தான் இருந்தது. முடிந்ததும் முனைக்குப் பாளையால் ஓர் உறை செய்து மாட்டினான்.

திருவிழாவுக்கு முந்தின நாள் காலை மறுபடி கிளம்பினார்கள். இந்தத் தடவை ஓடையில் சேந்தன் உட்கார்ந்து நகர்ந்து தாண்டினான். கொற்றி பார்க்காததுபோல் நடந்தாள்.

உப்புப் பள்ளத்துக்கு மேலே, இளவெயில் விழுந்த ஒரு புல்திட்டில் கடமான் ஏற்கெனவே மேய்ந்துகொண்டிருந்தது. காற்று எதிரே வந்தது. சேந்தன் உறையைக் கழற்றினான். விளிம்பை ஒரு தடவை நகத்தில் உரசிப் பார்த்தான். நாணை இழுத்தான். இந்த முறை நிற்கவில்லை.

அம்பு போன சத்தம் கேட்டது. பட்ட சத்தம் கேட்கவில்லை.

ஈ உட்கார்ந்தால் சிலிர்ப்பதுபோல் மானின் விலாவில் ஒரு சிலிர்ப்பு ஓடியது. அது தலையைத் தூக்கியது. இவர்கள் இருந்த பக்கம் பார்க்கவில்லை, வேறெங்கோ பார்த்தது. காதை ஒரு தடவை ஆட்டியது. பிறகு தலையைக் குனிந்து மறுபடி புல்லைக் கடித்தது.

சேந்தன் மானையே பார்த்தான். தவறிவிட்டது. இல்லை, பட்டிருக்கிறது, லேசாகப் பட்டு ஓடப் போகிறது. புகையில்லாத கூரைகள், வெறும் பானைகள், தேடிக்கொண்டு காட்டுக்குள் இறங்கும் ஊர், எல்லாம் அவன் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. இன்னோர் அம்புக்குக் கையை நீட்டினான்.

கொற்றி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

மான் மென்றது. ஓர் அடி எடுத்து வைத்தது. இன்னும் ஒரு வாய் கடித்தது. வயிறு நிறைந்து அசதியானதுபோல் முன்னங்காலை மடக்கியது. பின்னங்காலையும் மடக்கி, புல்லிலேயே படுத்தது. கொஞ்ச நேரம் தலை நிமிர்ந்துதான் இருந்தது. பிறகு அதையும் மெதுவாகக் கீழே வைத்தது.

கிளையில் ஒரு குருவி விட்ட இடத்திலிருந்து பாடத் தொடங்கியது. கொற்றி அவன் கையை விட்டாள்.

இருவரும் மேலே ஏறிப் போனார்கள். மானின் வாயில் பாதி கடித்த புல் இன்னும் பச்சையாக இருந்தது. கண் திறந்திருந்தது, அதில் மிரட்சி இல்லை. கொற்றி குனிந்து அதன் நெற்றியில் கையை வைத்தாள். சேந்தனும் வைத்தான். இன்னும் சூடு இருந்தது.

அம்பு மானைத் தாண்டிப் போய் மண்ணில் குத்திட்டு நின்றது. சேந்தன் அதைப் பிடுங்கி, புல்லில் துடைத்தான். வெயிலில் பிடித்துப் பார்த்தான். நகத்தில் உரசினான். ஒரு பக்கம், மறுபக்கம். தன்னை அறியாமல் அதைக் கொற்றியிடம் நீட்டினான்.

"முனை எப்படி, மதினி?"

அவள் கையை நீட்டவில்லை. படுத்திருந்த மானையும், அதன் வாயிலிருந்த புல்லையும் பார்த்தாள்.

"எனக்கென்ன தெரியும், மாப்பிள்ளை?" என்றாள். "மானுக்கே தெரியலையே."